தேங்காய்க் கையால் ஜெயித்த ஆட்டம்

அன்று காலை தே தாரேக் கிளாசை என்னால் தூக்க முடியவில்லை.

கிளாஸ் மேசைமேல் இருந்தது. இழுத்து ஆற்றிய டீ, நுரை ததும்பிக்கொண்டு இருந்தது. கையை நீட்டினேன், போனது. விரலை மடக்கினேன், மடங்கியது. தூக்கப் பார்த்தேன். தோள்பட்டைக்குள் யாரோ சுத்தியலால் ஒரு போடு போட்டான். கிளாஸ் இருந்த இடத்திலேயே இருந்தது.

எதிரில் என் மனைவி ஸ்டெல்லா ரொட்டி சானாயைப் பருப்புக்கறியில் தோய்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்காத நேரமாகக் குனிந்து, மாடு தொட்டியில் தண்ணீர் குடிக்கிற மாதிரி, கிளாசில் வாயை வைத்து உறிஞ்சினேன்.

கடைக்காரர் காசிம் நானா கல்லாவிலிருந்து பார்த்துவிட்டார்.

"என்னா மணியம், கிளாசுக்கு முத்தம் குடுக்குற? பக்கத்துல வூட்டுக்காரம்மா இருக்காங்கலா."

"சூடா இருக்கு நானா."

"நேத்து வரைக்கும் ஆறிப்போச்சுன்னு சண்ட போட்டியே!"

ஸ்டெல்லா நிமிர்ந்தாள். "ஏங்க, கையில என்னா?"

"ஒண்ணுமில்ல."

"தூக்குங்க பாப்போம்."

தூக்கினேன். கை மார்பு வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. பஸ் வராத ஸ்டாண்டில் நிற்கிற ஆள் மாதிரி அங்கேயே நின்றது.

பத்து மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் டென்னிஸ் இறுதி ஆட்டத்தில் இறங்க வேண்டும். ஸ்டெல்லா ரொட்டியைத் தட்டில் வைத்தாள். அவள் ரொட்டியைப் பாதியில் வைத்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

டென்னிஸா, நீயா?

போன வாரம் இதே பக்கத்தில், என் லோரி ஹுத்தான் மெலிந்தாங் ஊரில் சேற்றில் இறங்கிய கதையைச் சொன்னேன். படித்துவிட்டு ஒரு அம்மா பாசார் கடைத்தெருவில் என்னை நிறுத்தி, "ஆறாப்பு தாண்டாத ஆளு, இவ்ளோ எழுதுறியே, எப்படி?" என்று கேட்டார்.

ரகசியம் ஒன்றும் இல்லை. நான் சொல்லச் சொல்ல ஸ்டெல்லா எழுதுகிறாள். எனக்கு எழுத்தில் தெரிந்தது என் பெயரும் லோரி நம்பரும்தான். ஆகவே இந்தக் கதையில் அவளைப் பற்றி நல்ல வார்த்தை வந்தால் அதைக் கொஞ்சம் தண்ணீர் கலந்து படியுங்கள்.

(இங்கே பேனா நின்றது. முறைத்தாள். பிறகு எழுதினாள்.)

பீடோரிலிருந்து உள்ளே போனால் எங்கள் இடம். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். பால் மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை வைத்தார்கள். லயத்தை இடித்துவிட்டுத் தாமான் என்று வரிசை வீடுகள் கட்டினார்கள். துரை பங்களா போனது, ஆலை போனது. போகாமல் நின்றது ஒரு டென்னிஸ் மைதானம். சிமென்ட் தரை. நடுவில் ஒரு வெடிப்பு. மழை பெய்தால் அதில் புல் முளைக்கும்.

என் அப்பா காலத்தில் அதற்குள் கால் வைக்கக்கூடத் தோட்டத்துக்காரனுக்கு அனுமதி இல்லை. இப்போது நான் அதில் காற்சட்டை போட்டுக்கொண்டு ஓடுகிறேன். என் காலைப் பார்த்தால் அந்தத் துரையே மேலும் ஒரு வேலி போட்டிருப்பார்.

டென்னிஸ் எனக்கு வந்தது ஆசையால் இல்லை, காதலால். ஸ்டெல்லா ஈப்போவில் கான்வென்ட் பள்ளியில் படித்தவள். எங்கள் பக்கம் பாலர் பள்ளிக்கு வேலைக்கு வந்தாள். சாயங்காலம் அந்த மைதானத்துச் சுவரில் தனியாகப் பந்தடித்துக்கொண்டிருப்பாள். நான் லோரியை நிறுத்தி, "நானும் ஆடுவேன்" என்றேன். மட்டையைக் கையில் கொடுத்தாள். வாணலியைப் பிடிக்கிற மாதிரி பிடித்தேன்.

"ஆடியிருக்கீங்களா?"

"ஓ! ரொம்ப."

"எங்க?"

"கனவுல."

சிரித்தாள். அந்தச் சிரிப்பில் விழுந்தவன்தான், பல வருஷம் ஆகியும் பந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். அவள் மாதா கோவில், நான் மாரியம்மன் கோவில். இரண்டு வீட்டிலும் பெரிய சண்டை. அது வேறு வாரத்துக்கான கதை.

காடி நிறுத்த இடம்

கல்யாணத்துக்குப் பிறகு ஸ்டெல்லா தாமான் பெண்களைச் சேர்த்து ஆட ஆரம்பித்தாள். கையுறை கம்பெனியில் வேலை செய்கிறவர்கள், கடையில் நிற்கிறவர்கள், வீட்டில் இருக்கிறவர்கள். ஒருவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடிப்பார். ஒருவர் அடிக்கிற ஒவ்வொரு பந்துக்கும் மாமியார் பெயரைச் சொல்லுவார். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தச் சத்தம் கேட்டால்தான் எங்கள் தாமானுக்குப் பொழுது சாயும்.

மைதானத்துக்குப் பக்கத்தில் மண்டபம். கல்யாணம் என்றால் வந்தவர்கள் காடியை, அதாவது காரை, என் பூச்செடி மேலும் சாக்கடை மேலும் நிறுத்திவிட்டுப் போவார்கள். தாமான் சங்கத் தலைவர் சுப்ரா அண்ணே கூட்டம் போட்டார். மைதானத்துக்குத் தார் போட்டுக் காடி நிறுத்துமிடம் ஆக்கலாம் என்றார். கெட்ட மனுஷர் இல்லை. அவர் வீட்டு வாசலிலும் ஒருத்தன் வேனை நிறுத்திவிட்டுக் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போனவன் சாயங்காலம்தான் வந்தான். கோபம் வரும்தானே.

ஸ்டெல்லா எழுந்து நின்றாள். "நாங்க அங்க ஆடுறோம் அண்ணே."

"ஆடுறீங்களா? பந்து பொறுக்குறீங்கம்மா. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் சுப்ரா அண்ணனுக்கு வாய் நீண்டுவிட்டது. "ஒரே ஒரு கப்பு கொண்டாங்க. கொண்டாந்தா, மாரியம்மா மேல சத்தியம், அந்த மைதானத்துல ஒரு சைக்கிளகூட நிப்பாட்ட வுட மாட்டேன்."

"கொண்டாராட்டி?"

"தாரு."

அந்த வருஷம் சுற்று வட்டாரத் தாமான்கள் சேர்ந்து கலப்பு இரட்டையர் போட்டி வைத்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாக ஆடலாம். ஸ்டெல்லா எங்கள் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். நான் சோறு தின்றுகொண்டிருந்தேன். இறங்கவில்லை.

சாமிக்கு அட்வான்ஸ்

எப்படியோ ஜெயித்துக்கொண்டே போனோம். எப்படி என்றால், ஸ்டெல்லா ஆடினாள், நான் அவளுக்குக் குறுக்கே போகாமல் இருந்தேன். என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் சர்வீஸ். லோரியில் மூட்டை ஏற்றி இறக்கிய கை. தலைக்கு மேலே தூக்கி ஒன்று போட்டேன் என்றால் பந்து அடுத்த தாமானில் போய்ப் பேசும். எங்கே விழும் என்று எனக்கே தெரியாது என்பதால் எதிரிக்கும் தெரியாது.

அரையிறுதியில் தோற்கிற நிலைமை. வலைக்குப் பக்கத்தில் நின்று மனசுக்குள் வேண்டினேன்: 'தாயே, பைனலுக்குக் கொண்டுபோயிரு. தேருக்கு முன்னால தேங்காய் ஒடைக்கிறேன்.' கொண்டுபோய்விட்டாள்.

நல்லது. ஆனால் எங்கள் அம்மன் தேர் எப்போது வருகிறது? பைனலுக்கு முதல் நாள் சாயங்காலம்.

பேரா மாநிலத்துத் தமிழனுக்குச் சொல்ல வேண்டாம். நேர்ந்துகொண்ட தேங்காயை ரோட்டில் குவித்து வைப்போம். தேர் வரும்போது ஒவ்வொன்றாகத் தலைக்கு மேலே தூக்கி ஓங்கி அடிப்போம். சிதறும் சில்லைப் பார்க்கிற சுகம் இருக்கிறதே, அதை நிறுத்தவே மனம் வராது. அதுவும் நான் ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து தேங்காய் ஏற்றுகிற லோரிக்காரன். தோப்பு முதலாளி தவுக்கே ஒரு சாக்கைத் தூக்கிச் சும்மாவே கொடுத்துவிட்டார்.

நேர்ந்ததை உடைத்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் நான் புத்திசாலி. சாக்கில் இன்னும் இருந்தது. 'பைனலுக்கும் இப்பவே குடுத்துட்டா, அம்மா வாங்கிக்கிட்டு மாத்திப் பேச முடியாதே' என்று ஒரு யோசனை வந்தது. இந்த மாதிரி யோசனை படித்தவனுக்கு வராது. முழுச் சாக்கையும் உடைத்தேன். எந்தக் கையால் என்று கேட்காதீர்கள். மட்டை பிடிக்கிற கையால்தான்.

அந்த நேரம் ஸ்டெல்லா மாதா கோவிலில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல முறை அது. ஜெபமாலை உருட்டினால் தோள் வலிக்காது.

மாவு புளிச்ச நாள்

காலையில் கடையில் உட்கார்ந்து நான் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது ஸ்டெல்லா திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மேசையில் பட்டிருந்த பால் வட்டத்தை விரலால் அழித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொம்பளைங்களுக்கு நான் என்னாங்க சொல்லுவேன்?" என்று மட்டும் கேட்டாள்.

நானாவுக்கும் கேட்டது. கடை டிவியில் எந்த நாட்டிலோ நடந்த டென்னிஸ் ஓடிக்கொண்டிருந்தது. நானா அதைத்தான் விடாமல் பார்ப்பார். கால்பந்தாட்டம் போட்டால் வாடிக்கையாளர்கள் அடித்துக்கொள்கிறார்களாம். திரையில் ஒரு பெரிய ஆட்டக்காரர். அன்றைக்கு அவருக்கு எதுவுமே சரியாக வரவில்லை. பந்து வலையில் விழுகிறது, வெளியே போகிறது. தலையைச் சொறிகிறார், ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டுகிறார். எதிரியோ இளவட்டம், பறந்து பறந்து அடிக்கிறான்.

"இவர் இன்னிக்கு அவுட்டு நானா" என்றேன், என் கவலையை மறக்க.

"பாத்துக்கிட்டே இரு. இந்தாளு இப்படித்தான். முழு ஆட்டமும் அசிங்கமா ஆடுவாரு. கடைசியில கை குடுக்குறப்ப பாத்தா ஜெயிச்சது இவரா இருக்கும்."

"அது எப்படி?"

நானா கல்லில் கிடந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டார். "மாவு நல்லா வந்த நாள்ல எவனும் கட நடத்துவான் மணியம். மாவு புளிச்ச நாள்லயும் தொறந்து வச்சு ஆளுங்க வயித்த ரொப்பி அனுப்புறான் பாரு, அவன்தான் கடக்காரன்."

"இன்னிக்கு ரொட்டி கொஞ்சம் புளிப்பாத்தான் இருந்துச்சு நானா" என்றாள் ஸ்டெல்லா.

"தட்டு காலியா இருக்கேம்மா!"

பார்த்தேன். பாதியில் வைத்த ரொட்டியை எப்போது தின்றாள் என்று தெரியவில்லை. அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

மச்சான் வந்தார்

எதிர் ஜோடி யார் தெரியுமா? ஸ்டெல்லாவின் சொந்த அண்ணன் டேனியல், அவர் மனைவி கிறிஸ்டினா அக்கா. ஈப்போவில் பெரிய தாமான். கோச் வைத்து ஆடுகிறவர்கள். மச்சான் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, வெள்ளை ஷூ, நெற்றியில் வெள்ளைப் பட்டை போட்டுக்கொண்டு இறங்கினார். ஞானஸ்நானத்துக்கு வந்த பிள்ளை மாதிரி இருந்தார்.

பைனல் எங்கள் மைதானத்தில். ஊரே வந்துவிட்டது. வந்தவர்கள் காடி நிறுத்த இடமில்லாமல் செம்பனைக்குள் எல்லாம் விட்டிருந்தார்கள். சுப்ரா அண்ணே அதை எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தார். "பாத்தீங்களா? நான் சொன்னேன்ல?"

வேலிக்கு வெளியே ஸ்டெல்லாவின் பெண்கள் படை, சாயங்காலம் ஆடுகிற சட்டையோடு காலையிலேயே நின்றது.

ஒரே ஒரு செட். என் முறை வந்தது. மேலே தூக்க முடியாத கையோடு பந்தை இடுப்புக்குக் கீழே தட்டி அனுப்பினேன். கோழிக்கு அரிசி போடுகிற மாதிரி. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"மச்சான், என்னா இது? தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரில எடம் சொல்லி வைக்கவா?" என்றார் டேனியல்.

"ரெண்டு பேருக்கா சொல்லி வைங்க மச்சான். தனியா போனா போரடிக்கும்."

நடுவர் பக்கத்து ஊர் வாத்தியார். கீழே தட்டுவதும் சட்டப்படி சரிதான் என்று சொல்லிவிட்டார். சட்டம் சரி, பந்து சரியில்லையே. டேனியல் மச்சான் முன்னால் ஓடி வந்து அதை விளாசினார். அடுத்த தடவையிலிருந்து அவரும் அக்காவும் என் சர்வீசுக்கு வலைப்பக்கம் வந்தே நின்றார்கள்.

எனக்குக் கை இல்லை. ஸ்டெல்லாவுக்கு மனம் இல்லை. கோபத்தில் அவள் அடித்த பந்தெல்லாம் வேலியில் போய் ஒட்டிக்கொண்டது. சர்வீஸ் இரண்டும் வெளியே. வாழ்க்கையில் நாங்கள் இவ்வளவு கேவலமாக ஆடியதில்லை.

ஐந்துக்கு இரண்டு. இன்னும் ஒரு கேம் அவர்கள் எடுத்தால் முடிந்தது. சுப்ரா அண்ணே மைதானத்தின் நீளத்தைக் காலடியால் அளக்கிற மாதிரி ஓரமாக நடந்தார். வேண்டுமென்று செய்தாரோ, சும்மா நடந்தாரோ, அம்மனுக்குத்தான் வெளிச்சம்.

"நல்லா ஆடாதீங்க"

பக்கம் மாறும்போது பெஞ்சில் உட்கார்ந்தோம். ஸ்டெல்லா துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். துண்டை எடுத்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னா ஆச்சுலா?"

"நம்ம மாவு புளிச்சிருச்சுங்க."

"அதுக்குச் சிரிப்பா?"

"இவ்ளோ நேரம் நல்ல மாவ தேடிக்கிட்டு இருந்தேன். இன்னிக்கு அது இல்ல. இல்லன்னா இல்லதான். நல்லா ஆடாதீங்க. நானும் ஆடல. பந்த அந்தாண்ட மட்டும் போடுங்க. அசிங்கமா போடுங்க. ஒசரமா போடுங்க. எங்க அண்ணே எப்பவுமே அழகாத்தான் முடிக்கப் பாப்பாரு. முடிக்கட்டும்."

நல்லா ஆடாதே என்று யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் எப்போதோ பெரிய ஆளாகியிருப்பேன். அது ஒன்றுதான் எனக்குப் பிறவியிலேயே வருகிற வித்தை.

போட ஆரம்பித்தோம். இரண்டு கையாலும் மட்டையைப் பிடித்து, மண்வெட்டியால் மண் அள்ளுகிற மாதிரி அள்ளி அள்ளி வானத்துக்கு அனுப்பினேன். ஸ்டெல்லாவும் அனுப்பினாள். பந்து மேலே போய், காக்காயிடம் நலம் விசாரித்து, மெதுவாக இறங்கும். கீழே மச்சான் வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு காத்திருப்பார். ஓங்கி ஒன்று அடிப்பார். அழகான அடி. வெளியே.

"டேனி, சும்மா திருப்பிப் போடுங்களேன்" என்றார் கிறிஸ்டினா அக்கா.

"இந்த மாதிரி பந்தயெல்லாம் திருப்பிப் போடுறதா? வெக்கமா இல்ல?"

எங்களுக்கு வெட்கம் இல்லை. ஐந்துக்கு மூன்று. ஐந்துக்கு நான்கு. சில பந்து எங்கள் மைதானத்து வெடிப்பில் விழுந்து கோணலாக ஓடியது. அது எங்களுக்கும் ஓடியது, அவர்களுக்கும் ஓடியது. ஆனால் நாங்கள் அந்த வெடிப்போடு பல வருஷம் குடும்பம் நடத்தியவர்கள். கோபப்பட மாட்டோம். மச்சான் கோபப்பட்டார். ஐந்துக்கு ஐந்து.

வேலிக்கு வெளியே மாமியார் பெயரைச் சொல்லி அடிக்கிற அக்கா, ஒவ்வொரு பந்துக்கும் மாமியாரைக் கூப்பிட ஆரம்பித்தார். மாமியாரும் அங்கேதான் நின்றார். அவரும் சேர்ந்து கத்தினார்.

கிறிஸ்டினா அக்கா சர்வீஸ் போட்ட கேமையும் எடுத்துவிட்டோம். ஆறுக்கு ஐந்து. இப்போது ஒரு கேம் எடுத்தால் மைதானம் எங்களுக்கு. சர்வீஸ் போட வேண்டியது யார்?

இந்தக் கோழி அரிசிக்காரன்.

கடைசிப் பந்து

கீழே தட்டினேன், அடி வாங்கினேன். கீழே தட்டினேன், ஸ்டெல்லா வலையில் நின்று எப்படியோ மடக்கினாள். இழுபறி. டியூஸ். மறுபடி டியூஸ். கடைசியில் மச்சான் ஒன்றை வலைக்குள் அடித்தார். இன்னும் ஒரே ஒரு பாயிண்ட்.

எதிரில் மச்சான். நான் கீழே தட்டுவேன் என்று வலைப்பக்கம் இன்னும் நெருங்கி வந்து, புலி மாதிரி குனிந்து நின்றார்.

ஸ்டெல்லா என்னிடம் நடந்து வந்தாள். வாயை மூடிக்கொண்டு பேசினாள்.

"மேலேர்ந்து போடுங்க."

"கை வராதுலா!"

"நேத்து சாக்கு முழுக்க வந்துச்சில்ல? இன்னும் ஒரே ஒரு தேங்காய். அவ்ளோதான்."

"வேகமா போகாது."

"போக வேணாம்."

பந்தை மேலே எறிந்தேன். 'தாயே' என்று கையைத் தூக்கினேன். தோளுக்குள் இருந்த சுத்தியல்காரன் தன் ஆட்கள் அத்தனை பேரையும் கூட்டி வந்து அடித்தான். நான் போட்ட அலறலில் செம்பனையிலிருந்து கொக்கு எழுந்து பறந்ததாக இப்போதும் சொல்கிறார்கள். மட்டை பந்தில் பட்டது. தொட்டது என்று சொல்வதுதான் நியாயம். என் வாழ்க்கையிலேயே மோசமான சர்வீஸ் அதுதான். பந்து வலைக்கு மேலே மிதந்து, கல்யாண வீட்டுக்கு வழி கேட்டு வருகிற ஆள் மாதிரி தயங்கித் தயங்கிப் போனது.

மச்சான் அலறலைக் கேட்டதும் பீரங்கி வருகிறது என்று பின்னால் ஓடினார். வரவில்லை என்று தெரிந்து முன்னால் ஓடி வந்தார். பந்து அவர் வெள்ளை ஷூவுக்குப் பக்கத்தில் விழுந்தது. குனிந்து தோண்டி எடுத்தார். எடுத்த பந்து வலையில் ஏறி, அதன் உச்சியில் ஒரு விநாடி உட்கார்ந்து, அவர் பக்கமே இறங்கிவிட்டது.

அதன் பிறகு நடந்தது எனக்குச் சரியாகத் தெரியாது. வேலிக் கதவு உடைந்தது என்று சொன்னார்கள். பெண்கள் படை ஸ்டெல்லாவைத் தூக்கியது. என்னையும் தூக்க வந்தார்கள், கையைப் பிடித்து. நான் அலறிய இரண்டாவது அலறலில் விட்டுவிட்டார்கள்.

மச்சான் வலைக்கு வந்தார். "மச்சான், சத்தியமா சொல்லுங்க. நாங்கதானே நல்லா ஆடுனோம்?"

"நீங்கதான் மச்சான். அதுல சந்தேகமே இல்ல."

"அப்புறம் எப்படி தோத்தோம்?"

"இன்னிக்கு எங்கள மாதிரி கேவலமா ஆட உங்களால முடியல மச்சான்."

மட்டையைக் கீழே போட்டார். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. வலி உயிர் போனது. நான் கத்தவில்லை.

மறுநாள் காலை

மறுநாளும் அதே கடை, அதே மேசை, அதே தே தாரேக். கை இன்னும் மோசம். இந்தத் தடவை நான் குனியவில்லை. ஸ்டெல்லா கிளாசைத் தூக்கி என் வாயில் வைத்தாள். ஊர் பார்க்க. மேசை நடுவில் கப்பு. நானா அதற்குள் ஒரு கரண்டி சர்க்கரை போட்டு வைத்திருந்தார், ராசிக்காம்.

சுப்ரா அண்ணே வந்தார். சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. நாற்காலியில் விழுந்து துண்டால் விசிறிக்கொண்டார்.

"என்னா அண்ணே, இப்படி வேர்க்குது?" என்றேன்.

"மண்டபத்துல இன்னிக்குக் கல்யாணம், காடி விட எடமே இல்லடா. அந்தச் செம்பனைக்குள்ள வுட்டுட்டு நடந்து வாரேன்."

"மைதானம் காலியாத்தானே கெடக்கு அண்ணே?"

சுப்ரா அண்ணே கப்பைப் பார்த்தார். ஸ்டெல்லாவைப் பார்த்தார்.

"சாயங்காலம் பொம்பளைங்க ஆடுற எடம் அது" என்றார். "வாய மூடிக்கிட்டுக் குடிடா."

வாயை மூடிக்கொண்டு எப்படிக் குடிப்பது என்று கேட்கலாம் என்றிருந்தேன். அதற்குள் ஸ்டெல்லா கிளாசைச் சாய்த்துவிட்டாள்.